கண்ணாடி செய்கிற ஊரில்

"போனைக் குடுத்துக் குடுத்தே புள்ள கண்ணைக் கெடுத்துட்டா."

காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்பட்டையில், சுங்குவார்சத்திரத்திலோ மாத்தூரிலோ இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், தெருமுனை திரும்புவதற்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. மாமியார் சொல்கிறார். எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, தன் பிள்ளையிடமும் போனைக் கொடுத்துவிட்டு வந்த சக தொழிலாளியே சொல்கிறார். தகப்பனுக்குச் சம்மன் போவதில்லை. சாட்சி கேட்பாரில்லை. தாய் மட்டும் கூண்டில் நிற்கிறார். நின்ற மாத்திரத்தில் குற்றம் உறுதியாகிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தாய் விடுவிக்கப்படுகிறார். குற்றமே நடக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நடந்திருக்கிறது. செய்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

முதலில் மருத்துவச் சாட்சியம். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை 16 அல்லது 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்கு 23, 24. பிள்ளை வளர்வதுபோலக் கண்ணும் வளர்கிறது. பெரும்பாலான குழந்தைகள் கொஞ்சம் தூரப்பார்வையோடுதான் பிறக்கின்றன. கண் நீள நீள அது கரைந்து, பிம்பம் விழித்திரையில் சரியாக விழுகிற இடத்தில் வளர்ச்சி அடங்க வேண்டும். அடங்காமல் நீண்டுகொண்டே போனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். தூரத்தில் இருப்பது மங்கும். இதுதான் கிட்டப்பார்வை. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் போதும், கண்ணாடிச் சீட்டில் மைனஸ் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும்.

ஒரு வயதிலோ இரண்டு வயதிலோ பெரிய மைனஸோடு வரும் பிள்ளையைப் பார்த்தால் கண் மருத்துவர் முதலில் போனைப் பற்றிக் கேட்பதில்லை. மாதம் நிறைந்து பிறந்ததா, இன்குபேட்டரில் இருந்ததா, தாய்க்கோ தகப்பனுக்கோ தடித்த கண்ணாடி உண்டா, மூட்டிலோ காதிலோ இதயத்திலோ பிறவிக் கோளாறு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்கிறார். இவ்வளவு இளம் வயதில் தெரியும் பெரிய பவருக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான். பிறவியோடு வந்ததைப் பெற்றவள் தலையில் கட்டுவது வெறும் அறியாமையாக இருந்தால் மன்னித்துவிடலாம். ஆனால் அது வைத்தியத்தையே தள்ளிப்போட வைக்கிறது. போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டார் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். பொன்னாங்கண்ணி சமைக்கிறார்கள். கீரை நல்லதுதான், நீண்டுபோன கண்ணைக் குறுக்குகிற வித்தை அதற்குத் தெரியாது.

அந்த ஆறு மாதம் விலை மிகுந்தது. ஏனென்றால் பார்ப்பதற்குக் கற்றுக்கொள்வது மூளை; அந்தப் பள்ளிக்கூடம் ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். அதுவரை தெளிவான பிம்பம் அனுப்பாத கண்ணை மூளை கைவிட்டுவிடுகிறது. பிறகு எத்தனை நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் தேறுவது கடினம். இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். (கண்ணுக்குக்கூட இங்கே பழிதான் மிச்சம்.) இரண்டு கண்ணிலும் பவர் வேறுவேறாக இருக்கிற பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் வஞ்சகமானது. ஒரு கண் நன்றாகப் பார்ப்பதால் பிள்ளை ஓடுகிறது, ஆடுகிறது, காக்காயைக் காட்டுகிறது. மற்றொரு கண் அணைந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை. சுந்தரருக்குக் காஞ்சி ஏகம்பத்தில் ஒரு கண் திரும்பக் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும். மற்றொரு கண்ணையும் கேட்டு அவர் திருவாரூர் வரை நடந்தார், சண்டையும் போட்டார். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கண் போவதைக் கேட்கக்கூட வாயில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கண் பார்ப்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். மருந்து விட்டுப் பாவையை விரித்து, கண்ணைக் குவிக்கும் தசையைச் சற்று ஓயவைத்து, ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கருவியால் ஒரு ஒளிக்கீற்றை உள்ளே அசைப்பார்கள். உள்ளிருந்து திரும்பி வரும் சிவந்த வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறதென்று பார்த்து, வில்லைகளை மாற்றிமாற்றி வைத்து அளவெடுப்பார்கள். பிள்ளை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மடியில் கொஞ்சம் அழாமல் இருந்தால் போதும். சிறு பிள்ளைகளுக்கு மூன்று நாள் வீட்டிலேயே அட்ரோபின் களிம்பு போட்டு அழைத்து வரச் சொல்வதும் உண்டு. அதாவது ஒரு நாள் லீவில் இந்த வேலை முடியாது.

இன்னொன்று. எல்லா மைனஸுக்கும் கண்ணாடி எழுதித் தருவதில்லை. ஒரு வயதுக் குழந்தையின் உலகம் கை எட்டுகிற தூரத்தில் முடிந்துவிடுகிறது. பவர் சிறிதென்றால் மருத்துவர் சும்மா விட்டுவிட்டு, சில மாதம் கழித்து வரச் சொல்வார். ஆகவே இரண்டரை வயதில் மைனஸ் கண்ணாடியோடு ஒரு பிள்ளை தெருவில் வருகிறதென்றால் நடந்தது இதுதான்: பிள்ளை டிவியில் மூக்கை ஒட்டி நிற்பதை, தலையைச் சாய்த்துப் பார்ப்பதை, ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் கத்துவதை யாரோ கவனித்திருக்கிறார். அட்டெண்டன்ஸ் போனஸை விட்டுக்கொடுத்திருக்கிறார். எழும்பூருக்கோ பூந்தமல்லிக்கோ பஸ் பிடித்துக் கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறார். காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் நாடா வைத்த அந்தச் சின்னக் கண்ணாடியை, பிள்ளை நாளுக்கு இருபது தரம் கழற்றி எறிய எறிய, திரும்பத் திரும்ப மாட்டிவிடுகிறார். கூண்டில் ஏற்றியது இந்தப் பெண்ணைத்தான்.

போனை நாம் விடுதலை செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது தெளிவு: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. தூக்கம், பேச்சு, ஓட்டம் எல்லாவற்றுக்கும் அது கேடு. கிட்டத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பது கண்ணுக்கும் நல்லதல்ல. ஆனால் வளரும் பிள்ளைகளின் கிட்டப்பார்வையைப் பற்றி இந்த நூற்றாண்டில் கிடைத்த பெரிய செய்தி, பிள்ளை கையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது.

2008இல் வந்த ஓர் ஆய்வு சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3. சிட்னிப் பிள்ளைகள் ஒன்றும் குறைவாகப் படிக்கவில்லை. பெரிய வித்தியாசம் ஒன்றே: அவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரக்கிறது, அது கண் நீள்வதற்குக் கடிவாளம் போடுகிறது என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலிலேயே பல ஆயிரம். பிள்ளையை உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வேப்பமரத்தடி போதும்.

அந்த வேப்பமரத்தடி எங்கே என்பதுதான் வழக்கு.

வெயிலுக்குப் பஞ்சமான சீமை இல்லை இது. சித்திரையில் தார் இளகும். ஆனால் 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து இந்தப் பக்கத்து நிலம் ஏக்கர் ஏக்கராக மதில்களுக்குள் போயிருக்கிறது. கண்ணாடித் தகடு செய்யும் செயின்ட் கோபெய்ன், வந்து எட்டே ஆண்டில் 2014இல் மூடிப்போன நோக்கியா, ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், பிறகு ஃபாக்ஸ்கான். வேலை வந்தது, அதை யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை, நாமும் சொல்லவில்லை. மதிலுக்குள் புல்வெளி இருக்கிறது, வரிசையாக மரம் இருக்கிறது, தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். மதிலுக்கு வெளியே மந்தைவெளியும் களத்துமேடும் மனைப்பிரிவாகிவிட்டன. ஒரகடம் சந்திப்பில் வந்து முட்டும் இரண்டு பெரிய சாலைகளும் அகலமாகி அகலமாகி, கன்டெய்னர் லாரிகளின் சாலைகள் ஆயின. அந்த ஓரத்தில் எந்தத் தாய் பிள்ளையை இறக்கிவிடுவாள்?

வீட்டுக்கு வருவோம். லைன் வீடு: ஓர் அறை, ஒரு ஜன்னல், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பொதுக் குழாய். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பமானால் பிள்ளையைத் தூக்கித் தெருவில் நடக்க ஆயா கிடையாது. நைட் ஷிப்ட் முடித்து வந்த தகப்பன் அதே அறையில் பகலில் தூங்குகிறார். அவர் தூங்கினால்தான் இரவு மெஷினில் கை மாட்டாமல் இருக்கும். பிள்ளை சத்தம் போடக் கூடாது. கதவைத் திறந்து வைத்தால் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், ஆகவே கதவும் சாத்தியிருக்கும். அந்த இருட்டு அறையில் பிள்ளைக்குக் கொடுக்கப்படுகிற போன், ஒரு தொழிலாளியின் தூக்கத்துக்குக் காவல் நிற்கிறது. அடுத்த நாளைய உற்பத்திக்கும்தான். அந்தக் காவல்காரனுக்குக் கூலி பிள்ளையின் பகல்.

இதையெல்லாம் முதலாளிகள் அறியாமல் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாதபடி ஒரு விஷயம் இருக்கிறது. இந்தத் தொழிற்பட்டையில் பெருமுதலீடு செய்திருப்பவை கொரியாவும் தைவானும். 2010இல் சோலில் 19 வயது இளைஞர்களைச் சோதித்தபோது 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! தைவானிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. ஆனால் தைவான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2010இல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது. பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக்குறைவு 2012க்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. யிலான் என்ற மாவட்டம் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, பள்ளிக்குப் போகுமுன்னான மழலையர் வகுப்புகளிலேயே 2014இல் ஆரம்பித்தது. இரண்டே ஆண்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளின் கிட்டப்பார்வை 15.5 சதவீதத்திலிருந்து 8.4ஆகக் குறைந்தது.

தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தெரிந்த நாட்டிலிருந்து வந்து, இங்கே சங்கிலித் தொடராக மூன்று ஷிப்ட் ஓட்டுகிறவர்கள், மெஷினைக் கப்பலில் ஏற்றினார்கள், தரக் கட்டுப்பாட்டு முறையை ஏற்றினார்கள். அந்த 120 நிமிடத்தை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள். கேட்டு வாங்க வேண்டிய நம் அரசும் கேட்கவில்லை. புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் மின்சாரம், தண்ணீர், நிலவிலை, வரிச்சலுகை எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். அங்கே வேலை செய்யப்போகிறவர் பிள்ளை எங்கே விளையாடும் என்பதற்கு யார் வரி கேட்டார்கள்? போன் திரைக்கு மேல் போடும் மூடுகண்ணாடி செய்ய ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டில் ஓர் ஆலைக்கு 2024இல் ஒப்பந்தமானது. ஆலை அமையும் ஊர் பிள்ளைப்பாக்கம். பெயரில் மட்டும் பிள்ளை இருக்கிறது.

சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால் வெட்கம் இன்னும் கூடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு தொழிலாளியின் கண்ணைப் பாதுகாக்கச் சொன்னது. பொறி பறக்கும் இடத்தில் கண்ணாடி கொடு என்றது. கொடுக்கிறார்கள், ஆய்வாளர் வந்தால் காட்டவும் செய்கிறார்கள். அதே சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. எப்படிப்பட்ட அறை? போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை. நாடு விடுதலை அடைந்த மறு ஆண்டிலேயே, பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும் என்று எழுதிவைத்த கை அது. 2017இல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஆண் பெண் யாராயினும் ஐம்பது பேர் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் விரித்தது. புதிய தொகுப்புச் சட்டங்களிலும் அந்த ஐம்பது நீடிக்கிறது.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். சொல்லத் தகுந்த பெருமைதான். அந்தப் பெண்களில் எத்தனை பேர் இன்று காலை பிள்ளையைக் கம்பெனிக் காப்பகத்தில் விட்டுவிட்டு லைனுக்குப் போனார்கள் என்று யாரும் மேடையில் சொல்வதில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும்: அறை இருக்கிறது, பிள்ளைகள் வருவதில்லை. வராதுதான். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் காஞ்சிபுரத்திலும் செய்யாற்றிலும் அரக்கோணத்திலும் நான்கரைக்கே பஸ் ஏற வேண்டியவள், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டா ஏறுவாள்? காப்பகம் வேண்டியது கம்பெனி கேட்டில் அல்ல, பிள்ளை வாழும் ஊரில். 2017 திருத்தம் இதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம். அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நினைத்தால் மாத்தூரில் ஒன்று, வல்லத்தில் ஒன்று, சுங்குவார்சத்திரத்தில் இரண்டு என்று, மூன்று ஷிப்டுக்கும் திறந்திருக்கிற, முன்னால் மரமும் மணலும் உள்ள இடங்களை நிறுவனங்களின் செலவிலேயே நடத்த முடியும். முடியாது என்று சொல்ல வேண்டாம். வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் இது. அத்தனை கட்டிலுக்குத் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்குத் தொட்டிலுக்குப் போடத் தெரியாதா?

தெரியும். ஆனால் தொட்டில் இல்லாத பெண்ணையே தொழில் விரும்புகிறது. மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஒரு நிறுவனத்தின் வழக்கை நாம் இங்கே தீர்க்கவில்லை. ஆனால் கழுத்தில் தாலி, இடுப்பில் பிள்ளை என்றாலே 'லீவ் போடுவா' என்று கணக்குப் போடுகிற மனம் இந்தத் தொழிற்பட்டை எங்கும் உண்டு என்பதை வேலை தேடி அலைந்த எந்தப் பெண்ணும் சொல்வாள். பிள்ளையைத் தொல்லையாகப் பார்க்கிற இடத்தில் பிள்ளையின் கண்ணை யார் பார்ப்பார்கள்? இதைக் குற்றம் என்கிறோம். கவனக்குறைவு என்ற மென்மையான சொல் இதற்குப் பொருந்தாது.

அரசின் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. அதற்குத் தெரியும், செய்தும் இருக்கிறது. செய்ததைக் கடைசிப் படியில் விட்டுவிட்டது. கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்த மாநிலம் இது. தமிழ்நாட்டின் நகர, புறநகர்ப் பள்ளிகளில் பதினான்காயிரம் பிள்ளைகளைச் சோதித்த சங்கர நேத்ராலயா ஆய்வு 17.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை என்று கண்டது. ஆறில் ஒரு பிள்ளை. அதற்கும் முன்னால், பள்ளி வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கு, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) இருக்கிறது. மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்க வேண்டும். பார்வைக்குறையும் அதன் பட்டியலில் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடும். இரண்டு மணிக்கு ஷிப்ட் ஏறுகிறவளுக்கு அது உதவாது. ஒடிசாப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்காது. வசதி கொஞ்சம் வந்தவர்கள் இரண்டரை வயதிலேயே பிளே ஸ்கூலில் சேர்த்துவிடுகிறார்கள். மாடியறையில் ஏசி போட்டு, ஜன்னலுக்குக் கார்ட்டூன் ஒட்டி, 'ஏ' எழுது என்கிறார்கள். அங்கே குழு போவதில்லை.

பிள்ளைகள் எல்லோரும் வருகிற இடம் ஒன்று உண்டு. புதன்கிழமைத் தடுப்பூசி. மொழி தெரியாத தாயும் அங்கே வருகிறாள். ஊசி போடாத பிள்ளையைத் தேடிக் கிராம செவிலியரும் போகிறார். ஒன்பதாம் மாத ஊசியின்போதும் ஒன்றரை வயது ஊசியின்போதும் ஒரு நிமிடம் பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் காட்டி, இரண்டு பாவையிலும் சிவப்பு ஒரே மாதிரி திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் அது புரையாகவோ கண் புற்றாகவோ இருக்கலாம். அன்றே அனுப்ப வேண்டிய பிள்ளை அது. கோணலாகத் தெரிந்தாலும், ஒரு பக்கம் மங்கினாலும் அனுப்பலாம். இதே தாய்மார்களுக்கு, இதே செவிலியர்களைக் கொண்டு, வைட்டமின் ஏ சொட்டு கொடுத்து மாலைக்கண்ணை ஏறக்குறைய மறக்கச் செய்த மாநிலம் இது. 1819இல் எழும்பூரில் கண் மருத்துவமனை தொடங்கிய சென்னை ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இல்லாதது என்ன? ஒரு சிறு கருவி, ஓர் அரசாணை, வருகிற தாய்க்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவ். காலையில் பள்ளிப் பிள்ளைக்கு உப்புமா போட முடிந்த அரசு இதையும் செய்யக் கடமைப்பட்டது. செய்யாதவரை தண்டனைக்குரியது.

மூன்றாவது பிரதிவாதி நாம். இங்கே தாய்க்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதலை செய்தோம் என்பதற்காகப் புத்தி சொல்லாமல் விட முடியாது.

பெண் பிள்ளை என்றால் வெயிலில் விடுவதில்லை. 'கறுத்துப் போயிடுவா.' அந்த ஒரு வாக்கியம் எந்தப் போனையும்விட அதிகக் கண்களைக் கெடுத்திருக்கும். கறுப்பைக் கடவுளாகக் கும்பிடுகிற ஊரில் பிள்ளை கறுக்குமே என்று மாலை நாலரை மணி வெளிச்சத்தைக்கூடப் பூட்டி வைக்கிறோம். பிறகு கண்ணாடி எழுதித் தந்தால் அதையும் பூட்டி வைக்கிறோம். இந்த வயசிலேயே கண்ணாடியா, பவர் ஏறிக்கொண்டே போய்விடுமாம், போடாமல் பழக்கினால் கண் தானாகப் பலம் ஆகுமாம். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. சரியான கண்ணாடி பவரை ஏற்றுவதில்லை. கண் வளர்வதால் ஏறுகிறது. கழற்றி வைத்தால் நடப்பது ஒன்றுதான், மூளை அந்தக் கண்ணை மறக்கிறது. தெருவில் 'சோடாபுட்டி' என்று கூப்பிடுகிற பெரிய மனிதர்களை அந்த இடத்திலேயே கண்டிக்கத் தாய்க்கு வாய் வராது. அவள் நாத்தனாருக்கு வர வேண்டும், கணவனுக்கு வர வேண்டும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு வர வேண்டும்.

சில வீடுகளில் கல்யாணத்துக்குப் போகும்போது பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். போட்டோவில் விழக் கூடாதாம். மண்டபத்தில் மேடை ஏறி எல்லோரும் நிற்கிறார்கள், போட்டோக்காரர் கை தட்டிக் கூப்பிடுகிறார். அப்படி எடுத்த படம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாமா, சித்தி, மணமக்கள் எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை மட்டும் வேறெங்கோ பார்க்கும். கேமரா எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியவில்லை.